மடிப்பு விழாத பெல்ட்

கடையில் அவனை மோப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் கேலியாக வைத்த பெயர். இப்போது மேனேஜரே அப்படித்தான் அழைக்கிறார். ஊசி முதல் ஃப்ரிட்ஜ் வரை விற்கும் பெரிய கடை அது. வாங்கிய பொருள் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் வந்து நிற்கும் ரிட்டர்ன் கவுண்ட்டர் அவனுடையது. சட்டைக் காலரை மூக்கருகே கொண்டுபோனால் போதும், அதை ஒரு நாள் போட்டார்களா இரண்டு நாள் போட்டார்களா என்று சொல்லிவிடுவான். ஷூவின் அடியை விரலால் தடவிப் பார்ப்பான். பயணப் பெட்டி என்றால் சக்கர இடுக்கில் மண் தேடுவான். ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களிடம் அவன் வாதாடுவதில்லை. முடியாது என்று ஒரே குரலில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் சொல்லி அனுப்புவான். சாயங்காலம் வீட்டில் அந்தக் கதைகளை மனைவியிடம் சொல்லிச் சிரிப்பதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அப்பேர்ப்பட்டவன் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மனைவியின் அண்ணனுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்து, ஆள் பிழைத்து வீடு திரும்பியிருந்தார். போய்ப் பார்க்க வேண்டும். காரில் ஐந்து மணி நேரத் தூரம். கடையின் லாரி ஓட்டுநர் நல்ல மனிதர், தன்னுடைய பழைய காரை இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் குழந்தை சீட் மாட்டாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. வழியில் போலீஸ் பிடித்தால் அபராதம் வண்டிக்காரர் தலையில் விழும். அதுகூடப் பெரிதில்லை, பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் தான் எந்த முகத்தோடு வேலைக்கு வருவது என்று கேட்டார். பெரியவளுக்கு நாலரை வயது. சின்னவனுக்கு இரண்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கையில் இருந்த பணம் மனைவியின் பல்லுக்கு ஒதுக்கியது. கடைவாய்ப் பல் ஒன்று நாலு மாதமாக அவளைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. வேர் வரைக்கும் சுத்தம் செய்து மேலே தொப்பி போட வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் தையல் ஆலையில் துணி வெட்டுகிறவள். வலி வந்தால் அந்தப் பக்கக் கன்னத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வேலையைப் பார்ப்பாள். சாப்பாடு நாலு மாதமாக ஒரு பக்கமாகத்தான்.

அந்தப் பணத்தைத் தொடாமல் சீட் வாங்க ஒரு வழி அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வாங்குவது, இரண்டு நாள் உபயோகிப்பது, பதினாலு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுவது. மற்றவர்கள் மாட்டிக்கொள்வது அவசரத்தாலும் அறியாமையாலும். எதைப் பார்ப்பார்கள், எங்கே தடவுவார்கள் என்று தெரிந்தவன் ஏன் மாட்டப்போகிறான்? மனைவியிடம் சொன்னபோது அவள், தப்பில்லையா என்று கேட்டாள். கடைக்காரனுக்கு இதெல்லாம் கொசுக்கடி என்றான். பல் பணம் அப்படியே திரும்பி வந்துவிடும் என்றதும் அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நகரத்தின் மறுகோடியில், தன் மூக்கைத் தெரியாத கடை ஒன்றுக்குப் போனான். அங்கே சீட் விற்கிற பெண் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைகளின் எடையும் உயரமும் கேட்டாள். எடை தெரிந்தது, உயரத்தைத் தன் இடுப்போடு ஒப்பிட்டுக் கையால் காட்டினான். அவள் நேராகக் கீழ்த் தட்டுக்குப் போய் சாம்பல் நிறத்தில் இரண்டு சீட்டை எடுத்து வைத்தாள். பார்க்க ஏழை வீட்டு நாற்காலி மாதிரி இருந்தது. மெல்லிய துணி, அலங்காரம் ஒன்றும் கிடையாது.

"மேல இருக்கிறதும் இதுவும் ஒரே டெஸ்ட்ல பாஸானதுதான் சார்," என்றாள். "விலை கூடினா துணி மெத்துனு இருக்கும், டம்ளர் வைக்க இடம் இருக்கும். உயிரைப் பிடிச்சு வைக்கிறது பெல்ட்டு. பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரல்தான் போகணும். ரெண்டாவது விரல் போச்சுன்னா சீட்டே இல்லைன்னு வெச்சுக்கங்க."

இரண்டு சாம்பல் சீட்டுக்கும் சேர்த்து, பல் பணத்தில் பாதிகூட ஆகாது. அன்றைக்கே அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. மனைவியின் பல் இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மனிதப் புத்தி இருக்கிறதே! ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கும். எப்படியும் திருப்பித் தரப்போகிறோம், இதில் மட்டமானது எதற்கு என்று தோன்றிவிட்டது. மச்சான் வீட்டு வாசலில் கார்க் கதவைத் திறந்தால் என்ன தெரியும் என்றும் யோசித்தான். மேல் தட்டில் கருநீல வெல்வெட்டில், தலைக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அணைப்பு வைத்து இரண்டு இருந்தன. விலையைப் பார்த்தான். பல் பணம் முழுக்கப் போட்டு, தன் சம்பளத்திலிருந்து கொஞ்சமும் போட வேண்டியிருந்தது. போட்டான்.

கிளம்புகிற காலையில் அவன் செய்த ஏற்பாடுகளை அவன் கவுண்ட்டரில் யாராவது பார்த்திருந்தால் சிலை வைத்திருப்பார்கள். டேக்கை அறுக்காமல் மெல்லிய காகிதத்தில் சுற்றிச் சீட்டின் அடியில் செருகினான். வெல்வெட்டின் மேல் பழைய வேட்டியை விரித்தான். பிள்ளைகளை நிற்கவைத்துச் சட்டம் போட்டான்: வண்டிக்குள் பிஸ்கட் கிடையாது, பால் கிடையாது, தண்ணீர்கூட வண்டியை நிறுத்தும்போது இறங்கித்தான். சின்னவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவள் ஏன் என்று கேட்டாள். இது நம்முடையது இல்லை, அழுக்கு ஆனால் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார் என்றான். அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

கடைசியாக பெல்ட். ஒரு சீட் உபயோகப்பட்டதா என்று கண்டுபிடிக்க அவனைப் போன்றவர்கள் பார்ப்பது பெல்ட்டைத்தான். துணியைத் துவைத்துவிடலாம், வாசனையைப் போக்கிவிடலாம். இழுத்துப் பூட்டின பெல்ட்டில், கொக்கி கடிக்கிற இடத்தில், ஒரு மடிப்பு விழும். விழுந்தால் போகாது. அதனால் அவன் பெல்ட்டை இழுத்துப் பூட்டவில்லை. கொக்கியைப் போட்டான், சத்தம் கேட்டது, அத்தோடு விட்டான். ஒரு விரல் என்று அந்தப் பெண் சொன்னது காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. ஐந்து மணி நேரம்தானே, மெதுவாக ஓட்டினால் போச்சு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

மெதுவாகத்தான் ஓட்டினான். இரண்டரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சின்னவன் தூங்கிப்போனான். பெரியவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து வந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் குறுக்கே ஒரு நாய் ஓடியது. பிரேக்கை மிதித்தான். மோதல் இல்லை, உரசல்கூட இல்லை; நாய் தன்பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம், பிறகு சின்னவனின் அலறல்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினான். சின்னவனின் கழுத்தோரத்தில் பெல்ட் உராய்ந்து சிவந்திருந்தது. பெரியவள் தளர்ந்த பெல்ட்டோடு பாதி உடம்பு முன்னால் வந்து, அப்பாவின் இருக்கையின் முதுகில் வாயை இடித்திருந்தாள். கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவள் அழவில்லை. முகத்தை முன்னால் நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்து வாய்க்குக் கீழே பிடித்திருந்தாள். ரத்தம் கைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"சீட்ல படலப்பா," என்றாள். "பாருங்க, ஒரு சொட்டுகூடப் படல."

அவன் மனைவி இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். தன் துப்பட்டாவை உதட்டில் வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றதும் பெல்ட்டுக்கும் மகளின் தோளுக்கும் நடுவே கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். புது பெல்ட், வழுக்கியிருக்கும் என்று அவன் முணுமுணுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மடிப்பு, மடிப்பு என்று எத்தனை வருஷமாக அவளிடம் பெருமையடித்திருக்கிறான்!

"மடிப்பு விழக் கூடாதுன்னுதானே?" என்றாள் அவள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவன் இரண்டு பெல்ட்டையும் இழுத்து, ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கினான். இழுக்கும்போதே, கொக்கி கடிக்கிற இடத்தில் கோடு விழுகிறதா என்று அவன் கண் போய்ப் பார்த்தது. மகளின் ரத்தம் இன்னும் காயவில்லை, கண் அதற்குள் மடிப்பைத் தேடுகிறது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மனைவி முன்னால் வந்து உட்காரவில்லை. மீதி தூரம் முழுக்கப் பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள்.

மச்சான் வீட்டில் அவனுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குத் தலை தாழ்கிறது. மச்சான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வாசல் வரை வந்தார். கருநீல வெல்வெட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். தன் பிள்ளைகளை வளர்க்கும்போது இதற்கெல்லாம் தனக்கு வக்கில்லை என்றார். மச்சான் மனைவி, இந்த அண்ணன் தன் பிள்ளைகளைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்குகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரியையே கூப்பிட்டுக் காட்டினாள். எந்தப் பேச்சுக்காக அந்த விலை கொடுத்தானோ, அந்தப் பேச்சு முழுசாகக் கிடைத்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உதடு என்னாச்சு என்று கேட்டவர்களுக்கு, பிரேக் போட்டதில் இடித்துக்கொண்டாள் என்று மனைவி பதில் சொன்னாள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பேசினாள் என்பதுதான் சரி. லாரி ஓட்டுநர் மாதம் ஒரு தடவை காரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அண்ணனைப் பார்க்க அடிக்கடி போக வேண்டியிருக்கும். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தச் சாம்பல் சீட் இரண்டை வாங்கி வாருங்கள், மீதியில் பல்லைப் பார்க்கலாம். இனிமேல் நம்முடைய சீட்டில்தான் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்றாள். அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. நல்ல காரியத்துக்காகச் செய்கிற கடைசித் திருட்டு.

பெல்ட்டில் மடிப்பு விழுந்திருந்தது. ஈரத் துணியைப் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தான். சூடு காட்டினால் இழை பலம் இழந்துவிடும், காட்டக் கூடாது என்று சீட்டோடு வந்த புத்தகத்தில் இஸ்திரிப் பெட்டியின் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு அடித்திருந்தது. பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் தேய்த்தான். மூன்றாவது தேய்ப்பில் மடிப்பு மறைந்தது. பிறகு சீட் முழுவதையும் மோந்து பார்த்தான். புதுத் துணி வாசனை தவிர ஒன்றும் இல்லை. அவன் மூக்கே ஒப்புக்கொண்டுவிட்டது.

பதிமூன்றாம் நாள் மனைவிக்கு ஆலையில் கூடுதல் வேலை. பெரியவளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோவில் இரண்டு சீட்டையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனான். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று மகளுக்கு அவன் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ரிட்டர்ன் கவுண்ட்டரில் இருந்தவர் அவன் வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். அவர் சீட்டைத் திருப்பின விதத்திலேயே தொழில் தெரிந்த கை என்று தெரிந்தது. இடுக்கில் விரலை விட்டார், துகள் இல்லை. குனிந்து மோந்தார், வாசனை இல்லை. டேக் அப்படியே இருந்தது. பெல்ட்டை இழுத்து, கொக்கி கடிக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே விரல் ஒரு கணம் நின்றது. கண்ணால் பார்த்தால் மடிப்பு இல்லை. விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. இவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

அவர் கவுண்ட்டருக்கு மேலே எக்கி, பெரியவளைப் பார்த்துச் சிரித்தார். சந்தேகம் வந்தால் பெரியவர்களைக் கேட்காதே, கூட வந்த பிள்ளையைக் கேள் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. இவனே அப்படி எத்தனையோ அப்பா அம்மாக்களின் முகத்தில் கரி பூசி அனுப்பியிருக்கிறான்.

"பாப்பா, இந்த சீட்டு மெத்துனு இருந்துச்சா? உக்காந்து ஊருக்கெல்லாம் போனீங்களா?"

பெரியவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். புண் ஆறாத கீழுதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்து மறைத்துக்கொண்டாள். பிறகு வாயைத் திறக்காமலேயே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அது போதாது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும்.

"நான் அதுல உக்காரவே இல்ல மாமா," என்றாள். "தம்பியும் உக்காரல. நாங்க சும்மா பாத்தோம்."

கண்ணாடிக்காரர் நிம்மதியாகச் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தார். பொருள் புத்தம் புதுசாக இருக்கிறது, இன்றைக்கே தட்டில் அடுக்கிவிடலாம் என்றார். பக்கத்தில் நின்ற ஊழியர் ஒரு சீட்டைத் தூக்கவும் தூக்கிவிட்டார்.

அவன் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாலரை வயது. யாரும் சொல்லித் தராமல், எங்கே தடுமாற்றம் வரும் என்று கண்டுபிடித்து, உதட்டை மறைத்து, தம்பியையும் சேர்த்து அவள் சொன்ன அந்தப் பொய் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவன் கவுண்ட்டருக்கு வருகிற கைதேர்ந்தவர்களுக்குக்கூட அது வராது. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மச்சான் வீட்டு வாசலில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நாளைக்கு அந்த இஸ்திரி போட்ட பெல்ட்டை நம்பி யாரோ ஒருவன் தன் பிள்ளையைக் கட்டிவைப்பான் என்பதும் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"அதை வைங்க," என்றான். ஊழியர் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னான். "அதைத் தட்டுல வெச்சிடாதீங்க. உக்காந்தாங்க. ரெண்டு பேரும் போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு மணி நேரம் உக்காந்தாங்க. மடிப்பு போகணும்னு பெல்ட்டை நான்தான் இஸ்திரி போட்டேன். குழந்தை மேல தப்பில்ல. அவ எனக்காகச் சொன்னா."

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. எழுதின தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஊழியரிடமிருந்து சீட்டை வாங்கி இவன் பக்கம் தள்ளினார். அந்தப் பார்வை இவனுக்கு நன்றாகத் தெரியும், தினம் தானே பார்க்கிற பார்வை. இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வழி விட்டார்.

மனைவிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் பல் இன்னும் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ. பெல்ட்டை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்று அளவு நாடாப் பெண்ணிடம் கேட்டான். கம்பெனிக்கு எழுதி வரவழைக்கலாம், ஒரு வாரம் ஆகும், அதுவரை பிள்ளையை இதில் உட்காரவைக்காதீர்கள் என்றாள். எழுதிக்கொடுத்துவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு சீட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். மகளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அவள் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாள். நடைபாதையின் ஓரத்துக்கு வந்து ஆட்டோவுக்காக நின்றதும் கேட்டாள்.

"நான் சரியாத்தானேப்பா சொன்னேன்?"

அவன் சீட்டுகளைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான். கண் கலங்கியது. நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை, அப்பாதான் தப்புச் செய்தேன் என்றான். அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் ஏன் வாங்கவில்லை, தன்னால்தான் வாங்கவில்லையா என்று மறுபடியும் கேட்டாள்.

"இல்ல கண்ணு. இது இனிமே நம்மளுது. யாருக்கும் குடுக்க வேணாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ரோட்டுல வண்டி வருது பாரு, அப்பா கையில இடமில்ல. இந்த பெல்ட்டைப் பிடிச்சுக்க."

அவள் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டையும் பள்ளிச் சீருடையில் முன்னும் பின்னுமாக நன்றாகத் துடைத்துக்கொண்டாள். சுத்தமாக இருக்கிறதா என்று அவனிடம் விரித்துக் காட்டினாள். அவன் தலையசைத்த பிறகுதான் பிடித்தாள்.